உறைய வைத்த குழம்பு: சமையலா, பழையதா?

வேளச்சேரிக்காரி:
போன வாரம் ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். ஃப்ரீசரைத் திறந்தவர், தேதி எழுதி ஒட்டி அடுக்கியிருந்த பதினொரு டப்பாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ‘இரண்டு பேர் சம்பாதித்தும் பழையதைத்தான் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டார். நான் காலை ஏழே காலுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிறது. ஞாயிறு பகலில் சாம்பார், புளிக்குழம்பு, கோழிக் குழம்பு, ஒரு கூட்டு, இரண்டு பொரியல் செய்து உறைய வைத்துவிடுகிறேன். தினமும் அரிசியை மட்டும் களைந்து குக்கரில் வைத்தால் போதும். இதில் என்ன குற்றம்? சண்டைக்கு வரலாம், ஆனால் காரணத்தோடு வாருங்கள்.

காவிரிக்கரையான்:
காரணம்தானே, இதோ. ‘முதல்நாளில் சமைத்தகறி அமுதெனினும் அருந்தோம்’ என்றார் தேரையர். அமுதமே ஆனாலும் வேண்டாம் என்ற சித்தரிடம் உங்கள் பதினொரு டப்பாவைக் காட்டினால் என்ன சொல்லியிருப்பார்? கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் மதியம் வைத்த சாம்பார் இரவுக்கு மேல் தங்கியதில்லை, மிஞ்சினால் கழுநீர்ப் பானைக்குப் போகும். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த அரைமணி நேரத்துக்குத்தான் மணக்கும். பத்து நாள் கழித்துச் சூடாக்கினால் வருவது ஆவி, வாசனை அல்ல.

வேளச்சேரிக்காரி:
ஐயா, உங்கள் வீட்டில் வற்றல் குழம்பைச் சுண்டச் சுண்ட மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டதே இல்லையா? மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? அப்போதெல்லாம் தேரையர் எங்கே போயிருந்தார்? இன்னொன்று, அந்த மதியச் சாம்பாரைத் தினமும் வைத்தது யார்?

காவிரிக்கரையான்:
வைத்தது என் மனைவி. அதில் எனக்கு வெட்கம் இல்லை. வற்றல் குழம்பின் கதை வேறு. புளி, உப்பு, மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய், காலையிலும் மாலையிலும் ஒரு கொதி. கெடாமல் இருக்கவே பிறந்த குழம்பு அது. பருப்பும் தேங்காயும் போட்ட பண்டத்தை அதோடு சேர்க்காதீர்கள்.

நுண்ணோக்கி:
கல்லூரியில் உணவு நுண்ணுயிரியல் நடத்துகிறேன், இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் திட்டு இருக்கிறது. முதலில் காவிரிக்கரையாருக்கு. தேரையர் சொன்னது உறியில் தொங்கிய சட்டியைப் பற்றி. 5 பாகையிலிருந்து (டிகிரி செல்சியஸ்) 60 பாகை வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், நம் ஊர்ச் சமையலறை ஆண்டு முழுவதும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. அந்த நிலையில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மைனஸ் 18 பாகையில் கிருமி சாகாது, ஆனால் பெருகவும் முடியாது. பத்தாம் நாள் எடுக்கும் குழம்பில் முதல் நாள் இருந்த கிருமிக்கு மேல் ஒன்றும் கூடியிருக்காது. ஆகவே அது பழைய சோற்றின் கணக்கில் வராது.

இப்போது வேளச்சேரிக்காரிக்கு ஒரு கேள்வி. கோழிக் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய எத்தனை மணி நேரம் கழித்து உறைய வைக்கிறீர்கள்?

வேளச்சேரிக்காரி:
மதியம் இரண்டுக்கு இறக்குவேன். ஆறட்டும் என்று அப்படியே மேடையில் இருக்கும். சாயங்காலம் துணி மடித்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் முடித்து, எட்டு எட்டரைக்கு டப்பாவில் ஊற்றுவேன்.

நுண்ணோக்கி:
உங்கள் மாமியார் பிடிக்க வேண்டிய குற்றம் அங்கேதான் இருக்கிறது, டப்பாவில் இல்லை. பெரிய பாத்திரத்தில் மெல்ல மெல்ல ஆறும் இறைச்சிக் குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி முளைக்கும். சமையல் சூட்டில் மற்றவை செத்தாலும் இதன் விதை போன்ற வித்து (ஸ்போர்) தப்பித்துவிடும். ஆறரை மணி நேரம் அதற்குத் தாராளம். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ச்சிக்குள் போய்விட வேண்டும். அகலமான தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை வைத்துக் கிளறுங்கள், பாட்டி பால் ஆற்றுவதைப் போல. பிறகு சிறு சிறு டப்பாக்களில் ஊற்றுங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், கண்ணாடியாக இருந்தால் விரிசல்தான்.

‘எப்படியும் கொதிக்க வைக்கத்தானே போகிறோம்’ என்று யாராவது சொல்வார்கள், அதற்கும் இப்போதே பதில். சில கிருமிகளைக் கொல்லலாம், அவை விட்டுப்போன நஞ்சைக் கொதி ஒன்றும் செய்யாது. வெளியில் கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நஞ்சு அப்படிப்பட்டது.

பனிநாட்டுத் தம்பி:
அக்கா, நான் டொராண்டோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே நிலவறையில் ஆளுயர ஃப்ரீசர் ஒன்று நிற்கிறது. அதில் அம்மாவின் ஆட்டிறைச்சிக் கறி இல்லாத நாளே கிடையாது. பதினைந்து வருடத்தில் யாருக்கும் வயிற்றுவலி வந்ததில்லை. ஆனால் இரண்டு பாடம் படித்தோம். கறியில் உருளைக்கிழங்கு போடக் கூடாது. உறைந்து இளகியதும் மணல் போல நறநறவென்று ஆகிவிடும். தேங்காய்ப் பாலும் அப்படியே, திரிந்து எண்ணெய் வேறு தண்ணீர் வேறாக மிதக்கும். அம்மா பால் விடாமல் உறைய வைத்து, சூடாக்கிய பிறகுதான் முதற்பால் விடுவார்.

அடுப்படி ஆத்தாள்:
எல்லோரும் குழம்பிலேயே நீந்திக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் பொரியலையும் உறைய வைப்பதாகச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லையா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காயின் ஒவ்வொரு கண்ணறையிலும் (செல்) தண்ணீர் இருக்கிறது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைப்பதால் பனிக்கட்டி ஊசி ஊசியாகப் பெரிதாக வளர்ந்து அந்த அறைகளைக் கிழித்துவிடும். இளகும்போது முட்டைக்கோஸ் தண்ணீரில் குளிக்கும். வெண்டைக்காயைப் பற்றிப் பேசவே வேண்டாம். பீர்க்கங்காய், சுரைக்காய், பூசணி மூன்றும் கூழ். முருங்கைக்காய் சக்கையாகி நார் மட்டும் மிஞ்சும். பருப்போடு குழைந்த கூட்டு தப்பித்துவிடும், ஏனென்றால் அது முதலிலேயே குழைந்ததுதான். எண்ணெய்க் கத்தரிக்காய் ஓரளவு தாங்கும். மோர்க்குழம்பும் அவியலும் கூடவே கூடாது, தயிர் திரிந்து முகம் மாறிவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பீன்ஸையும் காரட்டையும் நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் துடைத்துப் பச்சையாக உறைய வைப்பேன். துருவிய தேங்காய் ஒரு பையில், வேகவைத்த துவரம்பருப்பு ஒரு டப்பாவில். அன்றன்றைக்கு வாணலியில் கடுகு வெடிக்க விட்டால் பத்து நிமிடத்தில் பொரியல், சாம்பாருக்கு இருபது. தாளிப்பை மட்டும் யாரும் உறைய வைக்காதீர்கள், காவிரிக்கரையார் வாசனையைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு இடத்தில் நியாயம்.

காவிரிக்கரையான்:
அப்பாடா, ஒருவராவது சொன்னீர்களே! சரி, மின்சாரம் போனால் இந்த மைனஸ் 18 என்ன ஆகும்?

நுண்ணோக்கி:
கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. பொருளில் இன்னும் பனிக்கட்டி தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம், சுவை மட்டும் குறையும். ஆனால் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டியை நம்பாதீர்கள். உறைபகுதியின் கதவில் ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று இருந்தால்தான் மைனஸ் 18. மின்சிக்கனத்துக்கு வெளியே ஒட்டும் நட்சத்திரம் வேறு, அதை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

வேளச்சேரிக்காரி:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாளே ஃப்ரீசரின் அடியிலிருந்து சிவப்பாகக் குழம்பு ஒழுகியது. முழங்கால் தண்ணீரில் அதைக் கொட்டப் போக இடம்கூட இல்லை. அது இன்னும் நினைவிருக்கிறது ஐயா, அதனால்தான் இப்போது ஒரு வாரத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. பொரியலையும் விட்டுவிடுகிறேன், சத்தியமாக அது நன்றாக இல்லை, பிள்ளைகளும் தொடுவதில்லை. இன்னொரு சந்தேகம். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கிறது, நடுவில் கல் போல இருக்கிறதே?

நுண்ணோக்கி:
பனிக்கட்டியைவிட நீர்தான் அந்த அலைகளை அதிகம் வாங்கும். ஓரத்தில் முதலில் இளகிய நீர் எல்லாச் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறது. முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் எடுத்து வைத்து இளக்குங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். நடுப்பகுதி 74 பாகையைத் தொட வேண்டும். அடுப்பில் என்றால் நடுவிலும் குமிழி வெடிக்க வேண்டும், அவ்வளவுதான். தேவையானதை மட்டும் சூடாக்குங்கள்.

பனிநாட்டுத் தம்பி:
கீரையைத் திரும்பச் சூடாக்கினால் விஷம் என்கிறார்களே?

நுண்ணோக்கி:
கீரையில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது பாக்டீரியா. வெளியில் வைத்தால்தான் அதற்கு வேலை. உடனே குளிர்வித்திருந்தால் பெரியவர்களுக்குப் பயமில்லை, கைக்குழந்தைக்கு மட்டும் அன்றே கடைந்து கொடுங்கள்.

காவிரிக்கரையான்:
கொள்கையில் மாற்றமில்லை. ஆனால் பொதுவாக ஒன்று கேட்கிறேன். பருப்பு உருண்டைக் குழம்பு உறைய வைத்தால் தாங்குமா?

அடுப்படி ஆத்தாள்:
உருண்டையைத் தனியே ஆவியில் வேகவைத்து உறைய வையுங்கள், குழம்பு தனி டப்பாவில். ஒன்றாகப் போட்டால் ஊறிக் கரைந்துவிடும். எதற்குக் கேட்கிறீர்கள்?

காவிரிக்கரையான்:
அடுத்த மாதம் மகளின் பிரசவத்துக்கு வீட்டுக்காரி பெங்களூர் போகிறாள். நாற்பது நாள். டப்பாக்களுக்கு ஒட்ட அவளே சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள், தேதி எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று கேட்கச் சொன்னாள்.

வேளச்சேரிக்காரி:
மூடியில் வேண்டாம் ஐயா, மூடி மாறிவிடும். பக்கவாட்டில்.