டேட் மாடர்ன்: மின்நிலையமாக இருந்த கட்டடத்துக்குள் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். லண்டன் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது டேட் மாடர்ன் என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்தைத்தான். ஓவியம், சிற்பத்தில் ஆர்வம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கட்டடத்துக்காகவே போகலாம். உள்ளே நுழையக் கட்டணமும் கிடையாது.

தேம்ஸின் தென்கரையில், செயின்ட் பால் தேவாலயத்துக்கு எதிரே நிற்கும் இது, ஒரு காலத்தில் எண்ணெயில் ஓடிய பேங்க்சைடு மின்நிலையம். சிவப்பு டெலிபோன் கூண்டை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் இதையும் வடிவமைத்தார். 1947-இல் தொடங்கிய வேலை இரண்டு கட்டமாக நடந்து 1963-இல்தான் முடிந்தது. தேவாலயத்துக்கு எதிரே மின்நிலையமா என்று அப்போதே எதிர்ப்பு கிளம்பியது. புகைபோக்கியை 99 மீட்டரோடு நிறுத்தி, தேவாலயத்தின் குவிமாடத்தைவிடத் தாழ்வாகவே வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல், செங்கல், செங்கல்தான். ஏறத்தாழ 42 லட்சம். ஆனால் பாரம் முழுவதையும் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். செங்கல் அதைச் சுற்றி எழுப்பிய சுவர், அவ்வளவுதான். இது தெரிந்து உள்ளே போனால் அந்தக் கறுத்த தூண்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

எண்ணெய் விலை ஏறியதால் 1981-இல் நிலையத்தை மூடினார்கள். பல வருடம் சும்மா கிடந்து, இடிபடும் நிலைக்கும் வந்தது. அப்புறம் டேட் என்ற கலை அமைப்பு அதை எடுத்துக்கொண்டு, சுவிட்சர்லாந்தின் கட்டடக் கலைஞர்கள் ஹெர்சோக், டி மெரோன் இருவரிடமும் பொறுப்பைக் கொடுத்தது. 2000 மே மாதம் திறந்தார்கள். அவர்கள் செய்த பெரிய காரியம், மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் நின்ற டர்பைன் ஹாலை நிரப்பாமல் விட்டதுதான். இயந்திரங்களை அகற்றி, தரைத்தளத்தையும் எடுத்துவிட்டு, அடித்தளம்வரை திறந்துவிட்டார்கள். 155 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். இயந்திரங்களைத் தூக்கிய கிரேன் இன்னும் தலைக்கு மேலே நிற்கிறது. வேறு யாராவது என்றால் அந்த உயரத்தில் மாடி மாடியாகப் போட்டு அறைகளாக்கியிருப்பார்கள். பழைய கட்டடத்துக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

*

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. எனக்கு அந்த ஹாலின் தரைதான். 2007-இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்சேடோ ஹாலின் நீளம் முழுக்க ஒரு விரிசலை உண்டாக்கினார். இனவெறியையும், வந்தேறிகளை ஒதுக்கிவைக்கும் மனப்பான்மையையும் பற்றிய படைப்பு அது. காட்சி முடிந்ததும் பூசி அடைத்துவிட்டார்கள், ஆனாலும் தடம் போகவில்லை. நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். வளைந்து நெளிந்து போகும் கோடு, பக்கத்துக் கான்கிரீட்டிலிருந்து நிறம் சற்றே மாறித் தெரிகிறது. வேறு நாட்டில் வந்து குடியேறிய எனக்கு அங்கிருந்து எழுந்து நடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புதுத் தரை போட்டு மறைக்காமல் விட்டதற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

*

இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்: அந்த ரீங்காரம்! அருங்காட்சியகம் திறந்த பிறகும் கட்டடத்தின் தெற்குப் பக்கத்தில் மின் துணைநிலையம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கூட்டம் குறைந்த வேளையில் ஹாலில் நின்றபோது டிரான்ஸ்பார்மரின் ‘ம்ம்ம்’ என்ற சத்தம் கேட்டது. முதலில் அதையும் ஏதோ கலைப்படைப்பு என்று நினைத்தேன். காவலர் ஒருவர்தான் விளக்கிச் சொன்னார்.

நேரம் இருந்தால் டேங்க்ஸ் பகுதியையும் பாருங்கள். மின்நிலையத்துக்கு எண்ணெய் சேமித்த நிலத்தடித் தொட்டிகள் அவை. 2012-இல் நிகழ்த்துகலைக்கெனத் திறந்தார்கள். சுற்றிலும் பூச்சில்லாத வட்டக் கான்கிரீட் சுவர், பேசினால் குரல் சுற்றி வருகிறது. அதற்கு மேலே எழுப்பிய புதிய கோபுரத்தை 2016-இல் திறந்தார்கள். அதே இரண்டு கட்டடக் கலைஞர்கள்தான், ஆனால் இந்த முறை செங்கற்களை இடைவெளி விட்டு, சல்லடைபோல அடுக்கியிருக்கிறார்கள். பழைய சுவரோடு ஒட்டியும் போகிறது, அதன் நகலாகவும் இல்லை.

முதல்முறை போகிறவர்கள் ஆற்றுப் பக்க வாசலில் நுழைய வேண்டாம், நேராக ஹாலின் நடு மேடையில் கொண்டுவந்து விட்டுவிடும். மேற்கே ஹாலண்ட் ஸ்ட்ரீட் பக்கம் சுற்றி வாருங்கள். அங்கேதான் சரிவுப் பாதை இருக்கிறது. இறங்க இறங்க ஹாலின் முழு உயரமும் தெரியும்.