பைபிள் வாசிக்க வாசிக்க பெருமதான் கூடுது, என்ன செய்ய?

களியக்காவிளைக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் சிஎஸ்ஐ, சண்டே ஸ்கூல்ல கிளாஸ் எடுக்கேன். நாளுக்கு 3 அதிகாரம் ஞாயித்துக்கிழம 5ன்னு வச்சு வருசத்துக்கு ஒருக்கா பைபிள முடிச்சிருவேன், இதுவர ஆறு தடவ ஆச்சு. பிரச்சின என்னண்ணா அந்த ஆற யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருக்கு, கேக்காட்டி நானே பேச்ச அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போறேன். வீட்டுல எனக்க கோவம் ஒரு பொட்டு கொறையல. பாறசாலையில கூட வேல செய்யுற மலங்கரை சபை அண்ணன் ஒருத்தரு, ஒரே பகுதிய ஒரு வாரம் வச்சுப் பாரு, கதையில வர்ற ஆளெல்லாம் உனக்க உள்ளயே இருக்குன்னாரு. அம்மா கேட்டுட்டு இது என்ன யோகாவாலேங்குறா. இப்படி வாசிக்கலாமா?

நெய்யாறு:
யோகாலாம் இல்ல. முதல் சங்கீதத்துல இரவும் பகலும் தியானம்னு வருதுல்லா, எபிரேயத்துல அந்தச் சொல்லு ஹாகா, வாய்க்குள்ள முணுமுணுக்கதும் அதுலதான் அடங்கும். 12ஆம் நூற்றாண்டுல கீகோன்னு ஒரு கார்த்தூசியன் துறவி இத நாலு படியா சொல்லியிருக்காரு, வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசில பேச்சே இல்லாம ஆண்டவருக்க முன்னால சும்மா இருக்கது. மாடு தின்னுட்டுப் படுத்து அசபோடும்லா, அப்படித்தான். நீங்க முதல் படியிலயே ஆறு ரவுண்டு ஓடியிருக்கீங்க, கோச்சுக்காதீங்க.

வசனம் முக்கியம்:
கொஞ்சம் பாத்து. உள்ளர்த்தம்னு கெளம்புனா எங்க வேணாலும் போவும். வழியில அடிபட்டுக் கெடந்தவன வேத்து சாதிக்காரன் தூக்கிச் சத்திரத்துல சேக்குற நல்ல சமாரியன் கதையில சத்திரம்தான் சபை, சத்திரக்காரன் பவுல்னு பழைய சபைப் பிதா அகஸ்டினே சொன்னாரு. இயேசு அந்தக் கதையச் சொன்னதுக்கு முன்னால ஒருத்தன் அவருகிட்ட கேட்டது எனக்குப் பிறன் யாருன்னு மட்டும்தான். மொதல்ல யாரு யாருகிட்ட எதுக்கு சொன்னாங்கன்னு பாருங்க, மத்தது அப்புறம்.

பால்வெட்டு:
ரெண்டு பேரு சொன்னதும் சரிதான் மக்கா. நான் ரப்பர் வெட்டுகவன், வயசு 61. ஒரு பெசகா வியாழனுக்கு, அதான் பெரிய வெள்ளிக்கு முந்துன நாளு, பள்ளியில, சர்ச்சுலதான், அச்சன் கால் கழுவ பன்னெண்டு பேருல என்னையும் சேத்தாங்க. பித்தவெடிப்புல பால்கறை ஏறி காலு கருத்துக் கெடக்கும், அச்சன் பாத்தா என்ன நெனப்பாருன்னு காலம்பறயே கல்லு வச்சுத் தேச்சு சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் போனேன். அன்னைக்கு யோவான் 13 வாசிக்கயில இயேசு சீஷருக்க காலக் கழுவயில பேதுரு என் காலக் கழுவக்கூடாதுன்னு சொல்லுத இடம் வந்தது, எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. இத்தன நாளு நான் அதத் தாழ்மைன்னு நெனச்சிருந்தேன், கெடையாது, அழுக்கக் காட்ட மனசில்ல அவனுக்கு. குனிஞ்சு அடுத்தவன் காலக் கழுவ நமக்கு லேசு, பேரும் கெடைக்கும். அந்த வரிசையில காட்டிக்குடுத்த யூதாசும் இருந்தான் பாத்துக்க, அவன் எழும்பிப் போறது 30ஆம் வசனத்துலதான். அந்த மாசம் முழுசும் நான் வேற எதுவும் வாசிக்கல. வீட்டுக்காரிகிட்ட ஒரு பழைய கடன் விசயம் மறைச்சு வச்சிருந்தேன், அதச் சொன்னேன், சண்டையும் வந்தது.

களியக்காவிளைக்காரன்:
அண்ணே, நேத்து யோவான் 13 எடுத்தேன், 8ஆம் வசனம் தாண்டல. இந்த வருச கணக்கு போச்சு. வாசிக்கும்போ தோணுறத நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கட்டா?

பால்வெட்டு:
எழுது. தேதி போடாண்டாம்.