லடாக் 2012: எல்லையில் தெரிந்தது வெள்ளியும் வியாழனும்தானா?

எல்லைச்சாமி: 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கின் பாங்காங் ஏரியை ஒட்டிய தாகுங் பகுதியில் 329 முறை மர்ம ஒளி தெரிந்ததாக, சீன டிரோனாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் ராணுவம் குறித்து வைத்தது. அதில் 155 முறை எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததாகக் கணக்கு. கடைசியில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் பார்த்துவிட்டு வெள்ளி, வியாழன் என்று சொல்லிவிட்டார்கள். ராக்காவல் இருக்கிறவனுக்கு விடிவெள்ளி தெரியாதா? ராடாரில் விழவில்லை, அருகே அனுப்பிய ஆளில்லா விமானமும் கோட்டைவிட்டது. இதற்கெல்லாம் என்ன பதில்?

துருவன்: நீங்கள் சொன்ன இரண்டுமே கோளுக்குத்தான் சாட்சி. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பது களத்து ராடாரில் எப்படி விழும்? ராடாரில் படவில்லை என்றதும் "உலோகம் அல்லாத பொருள்" என்று செய்தி போட்டார்கள், அங்கேதான் கோளாறு. "ராடார் எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை" என்பதுதான் அதற்குப் பொருள். விமானம் எவ்வளவு ஏறினாலும் கோள் கிட்டே வராது.

"சீனப் பக்கத்திலிருந்து கிளம்பி மூன்று முதல் ஐந்து மணி நேரம் வானில் போய் மறைகிறது" என்றார்கள். தாகுங்கில் கிழக்கே சீனப் பக்கம். அந்த ஆகஸ்ட் 15ல் வெள்ளி சூரியனிலிருந்து மேற்கே அதிகபட்ச விலகலில் இருந்தது. விடிவதற்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக உதித்து, வெளிச்சம் வந்ததும் மங்கிப்போகும். மலை முகட்டுக்கு மேல் தாழ்வாக நிற்கும்போது மஞ்சளும் சிவப்புமாக மினுக்கும். இருட்டில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது அசைவதாகவே கண் சொல்லும்.

எல்லைச்சாமி: இதே பாட்டை அமெரிக்காவிலும் பாடினார்கள். 1948 ஜனவரி 7, கென்டக்கி. கேப்டன் மாண்டெல் எஃப்-51 விமானத்தில் ஒரு பொருளைத் துரத்தி, ஆக்சிஜன் இல்லாமல் 20,000 அடிக்கு மேல் ஏறி விழுந்து இறந்தார். விமானப்படை முதலில் சொன்ன விளக்கம் வெள்ளி. பிறகு, கடற்படை ரகசியமாக விட்ட ஸ்கைஹூக் என்ற ராட்சத ஆய்வு பலூனாக இருக்கலாம் என்றார்கள்.

கோள்வீதி: மாண்டெல் விஷயத்தில் சாமி சொல்வது சரி. பட்டப்பகலில் வெள்ளி ஊசிமுனைப் புள்ளி, எங்கே என்று தெரிந்து தேடினாலே சிரமம். பலர் பார்த்த பெரிய உருவத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. திசையும் கோணமும் ஒத்துப்போகாமல் கோள் பெயரைச் சொன்னால் அது சாக்கு. லடாக்கில் அந்தச் சோதனை நடந்தது: ஒளி நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா, தனியாக நகர்கிறதா என்று பார்த்தார்கள்.

எந்தக் காவல் சாவடியும் இதைச் செய்யலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரம், திசைக்கோணம் (வடக்கிலிருந்து எவ்வளவு), உயரக்கோணம் (தொடுவானத்திலிருந்து எவ்வளவு) மூன்றையும் எழுதுங்கள். கோள் மணிக்குச் சுமார் 15 பாகை (டிகிரி) நகரும். அதைவிட முக்கியம், 5 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சாவடிகள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டு ஒரே நொடியில் கோணம் எடுப்பது. இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக 10 கிலோமீட்டரில் ஒரு டிரோன் இருந்தால் கோணங்கள் 25 பாகைக்கு மேல் வேறுபடும். கோள் என்றால் இரண்டும் ஒன்றே. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காம்பஸ் பார்க்காதீர்கள், இரும்பு ஊசியை இழுக்கும்.

எல்லைச்சாமி: சரி, அப்படியே இருக்கட்டும். ஏழு மாதம் ஒரே கோளா? இடம் மாறாதா?

துருவன்: மாறும், அதுதான் பிடி. வியாழன் நாளுக்கு நாலு நிமிடம்போல முன்னதாக உதிக்கும், மாதத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம். ஆகஸ்ட்டில் நள்ளிரவு தாண்டி வந்தது, டிசம்பர் 3 எதிரமைவின்போது, அதாவது சூரியனுக்கு நேரெதிரே நின்றபோது, சூரியன் மறைகிற நேரத்திலேயே வந்துவிட்டது. வெள்ளி இந்தக் கணக்கில் ஓடாது. சூரியனை நெருங்கிக்கொண்டே போய், பிப்ரவரியில் விடியல் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. சாவடிக் குறிப்பில், நேரம் இந்த இரண்டு கோள்களின் கணக்கில் எதிலும் விழாத பதிவு இருந்தால், அதை மட்டும் டிரோன் என்று சந்தேகப்படுங்கள்.

எல்லைச்சாமி: அப்படியானால் 329ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோள்வீதி: யார் வேண்டாம் என்றது? நேரமும் திசையும் எழுதாத பதிவைப் பிரிக்கவே முடியாது, அவ்வளவுதான்.