இலெவன் பிளஸ் பாஸ், ஃபோர்மில எதை முதல் போடுறது?

இயர் 6 அம்மா:
லண்டனில இருக்கிறம். மகள் செப்டெம்பரில இலெவன் பிளஸ் எழுதினவள், அதுதான் சோதினை வச்சுப் பிள்ளையளை எடுக்கிற கிராமர் ஸ்கூலுக்கான சோதினை. போன கிழமை ரிசல்ட் வந்தது, பாஸ். செக்கண்டரி ஸ்கூல் கேக்கிற கவுன்சில் ஃபோர்ம் ஒக்டோபர் 31க்குள்ள போட வேணும், ஆறு ஸ்கூல் எழுதலாம். இஞ்சதான் குழப்பம். தெரிஞ்ச அக்கா ஒராள் சொல்லுறா, கிராமரை முதல் போட்டுக் கிடைக்காட்டி வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூலும் போயிடும், அவங்கள் தங்களை முதல் போட்ட பிள்ளையளைத்தான் எடுப்பாங்கள் எண்டு. இவர் சொல்லுறார், கிராமரை மட்டும் எழுதி மிச்சத்தை வெறுமையா விடு, கவுன்சிலுக்கு வேற வழி இராது எண்டு. எது சரி?

மூண்டு பிள்ளையளின்ர அப்பா:
ரெண்டும் பிழை. அக்கா சொல்லுறது பழைய கதை. முந்தி சில இடத்தில அப்பிடி இருந்தது, 2007 ஸ்கூல் அனுமதி விதிக்கோவையோட தடை செய்தாச்சு. நீங்கள் எத்தினையாவதா போட்டனீங்கள் எண்டு இப்ப ஸ்கூலுக்குத் தெரியாது. ஆறும் தனித்தனியாத் தங்கட விதிப்படி பிள்ளையளை வரிசைப்படுத்தும். ரெண்டு மூண்டு இடம் சரிவந்தா, உங்கட லிஸ்டில மேல இருக்கிறதைக் கவுன்சில் தரும், மற்றதுகள் வேற பிள்ளைக்குப் போகும். விருப்பப்படியே எழுதுங்கோ.

வெறுமையா மட்டும் விடாதேங்கோ. மூத்தவனுக்கு நாங்கள் அந்த வேலை பாத்தனாங்கள். எந்த ஸ்கூல் கிடைச்சது எண்டு சொல்லுற மார்ச் 1 ஈமெயிலைத் திறந்தா, ரெண்டு பஸ் மாறிப் போற ஸ்கூல் ஒண்டு. பேரே கேள்விப்படேல்லை.

குரொய்டன் அக்கா:
பாஸ் எண்டா சீட் எண்டு நினைக்காதேங்கோ, தங்கச்சி. புள்ளி கூடின பிள்ளையில இருந்து எடுக்கிற கிராமரும் இருக்கு, பாஸானாக்களுக்குள்ள வீட்டுத்தூரம் பாக்கிறதும் இருக்கு. உங்கடது எது? தூரமெண்டா, போன வருசம் கடைசியா எடுத்த பிள்ளையின்ர தூரத்தைக் கவுன்சில் புத்தகத்தில பாருங்கோ.

இயர் 6 அம்மா:
தூரம்தான் அக்கா. போன வருசம் 3.1 மைலோட நிண்டிருக்கு. நாங்கள் 4.6. அப்ப முதல் போடுறது வீணோ?

மூண்டு பிள்ளையளின்ர அப்பா:
போடுறதால ஒண்டும் குறையாது. கிடைக்கக்கூடிய பக்கத்து ஸ்கூல் ஒண்டு கீழ இருந்தாச் சரி. மார்ச்சில அது வந்தா ஓம் எண்டு சொல்லுங்கோ, அதுக்காகக் கிராமர் வெயிட்டிங் லிஸ்டில பேர் வெட்டுப்படாது. ஆனா அந்த லிஸ்ட் முந்தி வந்தவைக்கு முன்னிடம் எண்டில்லை. கிட்ட இருக்கிற ஆள் பிறகு சேர்ந்தா நீங்கள் கீழ இறங்குவியள்.

இயர் 6 அம்மா:
போட்டாச்சு. கிராமர் முதல், பக்கத்து ஸ்கூல் ரெண்டாவது. இவர் இன்னும் முணுமுணுக்கிறார். பின்னேரம் ஆறாவதை மாத்தினனான்.

குரொய்டன் அக்கா:
மாத்தினாப் பிறகு திரும்பச் சப்மிட் அழுத்தினனீங்களோ? நான் மறந்துபோய்க் கடைசி நாள் இரவு 11.30க்குத்தான் கண்டனான்.

இயர் 6 அம்மா:
ஐயோ. இருங்கோ, பாத்திட்டு வாறன்.