உதவி: ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை ஆபீசுக்கு மெயில் போய்ச் சேரவில்லை

ஆம்பூர்_ஐடி:
அவசரம். எங்கள் ஷூ கம்பெனியில் ராணிப்பேட்டை ஹெட் ஆபீசுக்கு அனுப்பும் மெயில் எதுவும் காலையிலிருந்து சேரவில்லை. ஜிமெயிலுக்குப் போகிறது, வெளிநாட்டு பையருக்கும் போகிறது. சாயந்திரத்துக்குள் பேக்கிங் லிஸ்ட் போயாக வேண்டும். என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை:
சர்வரில் எந்த மெயில் மென்பொருள்? போஸ்ட்ஃபிக்ஸா, எக்ஸ்சேஞ்சா? மெயில் திரும்பி வருகிறதா, க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) நிற்கிறதா? லாக்கில் (சர்வர் எழுதி வைக்கும் பதிவில்) அந்த நேரத்து வரியைப் போடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
சர்வருக்கு சர்வர் மெயில் போகும் வாசலான போர்ட் 25-ஐ நெட் கம்பெனிக்காரர்கள் அடைத்திருப்பார்கள் சார். பிராட்பேண்ட் லைனில் இது சகஜம். ரிலேஹோஸ்ட் (நமக்காக மெயிலை வாங்கி அனுப்பும் இன்னொரு சர்வர்) போட்டு போர்ட் 587 வழியாக அனுப்புங்கள், சரியாகிவிடும்.

சத்துவாச்சாரி:
கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு பதில் எழுதுங்கள். 25 அடைபட்டிருந்தால் ஜிமெயிலுக்கு எப்படிப் போகும்? கேட்ட தம்பிக்கும் ஒன்று: லாக் பார்க்கத் தெரியாமல் மெயில் சர்வரைத் தொடவே கூடாது. இங்கே எத்தனை பேருக்குத்தான் சொல்வது.

வாலாஜா_ரோடு:
எஸ்பிஎஃப் (உங்கள் கம்பெனி பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கறாராக இருக்கிறது. அந்தப் பக்கம் ஸ்பாமில் விழுந்திருக்கும்.

ஆம்பூர்_ஐடி:
போஸ்ட்ஃபிக்ஸ். திரும்பி வரவில்லை, க்யூ காலி. ஸ்பாமிலும் இல்லை. லாக்கில் "ரிலே=லோக்கல், ஸ்டேட்டஸ்=சென்ட், டெலிவர்டு டு மெயில்பாக்ஸ்" என்று வருகிறது. சென்ட் என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஹெட் ஆபீஸ் மெயில் மட்டும் நேற்று ராத்திரி கிளவுடுக்கு மாறியது. எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றியாச்சு. இரண்டு இடத்துக்கும் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) ஒன்றுதான்.

பாலாற்றங்கரை:
விஷயம் அந்த "ரிலே=லோக்கல்"தான். மெயில் ஆம்பூரை விட்டு வெளியே போகவே இல்லை. உங்கள் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புகள் இருக்கும் மெய்ன்.சிஎஃப் ஃபைலில், எந்த டொமைன் மெயிலை இங்கேயே வைத்துக்கொள்வது என்று சொல்லும் மைடெஸ்டினேஷன் வரியைப் பாருங்கள். அதில் கம்பெனி டொமைன் இருக்கும். அது இருக்கும்வரை "இது என் வீட்டுக் கடிதம்" என்று போஸ்ட்ஃபிக்ஸ் தானே வைத்துக்கொள்ளும், எம்எக்ஸைத் தேடவே தேடாது. ராணிப்பேட்டைக்காரர்களின் பழைய மெயில்பாக்ஸ் இன்னும் அங்கேயே இருப்பதால் அதில் போட்டுவிட்டு சென்ட் என்கிறது. மெயில்பாக்ஸை அழித்திருந்தால் "யூசர் அன்னோன்" (அப்படி ஆள் இல்லை) என்று 550 பிழையோடு திரும்பியிருக்கும், காலையிலேயே பிடிபட்டிருக்கும்.

டொமைனை அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோடு கொடுங்கள். லோக்கல்ஹோஸ்ட் இருக்கட்டும். அதற்கு முன்னால் அதே சர்வரிலிருந்து டிக் கமாண்ட் போட்டு எம்எக்ஸ் பாருங்கள். ஆபீசுக்குள் இருக்கும் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு சர்வர் முகவரி சொல்வது) பழையதையே சொன்னால், மெயில் தன்னிடமே திரும்புகிறது, அதாவது "மெயில் லூப்ஸ் பேக்" என்று புதுத் தலைவலி வரும். ஸ்டோர்ஸ், கட்டிங் மாதிரி ஆம்பூரிலேயே இருக்கும் ஐடிகள் உண்டா? அவற்றை வர்ச்சுவல் ஏலியஸில் (எந்த முகவரியை எங்கே திருப்புவது என்ற பட்டியலில்) லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது இதே சர்வருக்குத் திருப்பி, அந்தப் பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்க போஸ்ட்மேப் கமாண்டை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அவையும் கிளவுடுக்குப் போய் அங்கே ஆள் இல்லை என்று திரும்பும்.

வாலாஜா_ரோடு:
இப்போது நான் சொன்ன எஸ்பிஎஃப் கட்டாயம் வேண்டும். ஆம்பூர் ஐபி அதில் இல்லையென்றால், உங்கள் டொமைன் பெயரில் வெளியிலிருந்து வரும் மெயில் என்று கிளவுட் சந்தேகப்படும்.

காட்பாடி_ஜங்ஷன்:
எதற்கு இந்தப் பாடு? மொத்தத்தையும் கிளவுடுக்குக் கொண்டு போய்விடலாமே.

சத்துவாச்சாரி:
தலைக்கு மாதக் கட்டணம் யார் தருவது? தையல் லைன் சூப்பர்வைசர், குடோன், கேட் என்று ஒவ்வொருவருக்கும் வாங்க முடியுமா? நெட் அறுந்தாலும் ஃபேக்டரிக்குள் மெயில் ஓடும், அதற்குத்தான் சொந்த சர்வர்.

காட்பாடி_ஜங்ஷன்:
அந்த சர்வர் நின்றால் பார்க்க ஆள் வேண்டாமா அண்ணா? சின்ன யூனிட்டில் ஒரே ஆள்தான் பிரிண்டர், சிசிடிவி, மெயில் எல்லாம் பார்க்கிறார். அவர் லீவு போட்டால்?

சத்துவாச்சாரி:
ஆளைத் தயார் செய்வது முதலாளி வேலை. அதற்காக சர்வரைக் குறை சொல்லக் கூடாது.

ஆம்பூர்_ஐடி:
மைடெஸ்டினேஷனிலிருந்து எடுத்தேன். ராணிப்பேட்டைக்குப் போகிறது. பாலாற்றங்கரை சாருக்கு நன்றி.

பாலாற்றங்கரை:
நல்லது. காலையிலிருந்து பழைய மெயில்பாக்ஸில் விழுந்தவை தானாக நகராது. ஐமேப்சிங்க் (ஒரு மெயில்பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மெயிலைப் பிரதி எடுக்கும் கருவி) வைத்து அந்தப் பக்கம் ஏற்றிவிடுங்கள். பேக்கிங் லிஸ்ட்டும் அதில்தான் இருக்கும். ஸ்டோர்ஸ் ஐடியை என்ன செய்தீர்கள்?