அம்பாசிடர் 1489 சிசி: சூடானதும் ஆயில் பிரஷர் விழுகிறது, பம்ப் உடலைத் தேய்க்கலாமா?

கேள்வி:
அப்பா ஓட்டிய அம்பாசிடர், பெட்ரோல் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐ காட்டுகிறது. வெயிலில் நெடுநேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் 8-க்கு இறங்கிவிடுகிறது. மீட்டரை மாற்றியும் அதே அளவுதான். பிரஷரைக் கூட்ட, ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங்குக்கு வாஷர் போடச் சொல்கிறார் மெக்கானிக். சம்ப்பை (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கி ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டேன். மூடியின் உட்புறத்தில் ரோட்டர் (பம்ப்புக்குள் சுழன்று ஆயிலைத் தள்ளும் பாகம்) உரசிய வட்டத் தடம், நகம் மாட்டுகிற ஆழத்துக்கு இருக்கிறது. இந்த வண்டியை விற்க மனமில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்:
வாஷர் வேண்டவே வேண்டாம் தம்பி. வால்வு ஒழுங்காக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். அது பிரஷரின் மேல்வரம்புக்கானது. 8 பிஎஸ்ஐ-யில் திறக்கவே திறக்காது.

உங்களுடையது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின். பம்ப் உடலின் முகத்தைத் தேய்த்துச் சரிசெய்ய அதன் கையேடே இடம் தருகிறது. உடலின் வாயில் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, ரோட்டருக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.005 அங்குலம்தான் வரம்பு. இந்த இடைவெளி இரு மடங்கானால் கசிவு ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆயில் சூட்டில் நீர்த்துப்போகும்போது அது அப்படியே மீட்டரில் தெரியும்.

ரோட்டர்களையும், மூடியை நிலைநிறுத்தும் இரண்டு டவல் பின்களையும் (சிறு உலோக முளைகள்) எடுத்துவிடுங்கள். தடித்த கண்ணாடிமேல் 400 எமரித் தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய். எட்டு வரைவதுபோல் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் கை அழுந்தினால் முகம் சாய்ந்துவிடும். அடிக்கடி கழுவி அளந்துகொள்ளுங்கள். கூடுதலாகத் தேய்ந்தால் ரோட்டர் மூடியில் இறுகி நின்றுவிடும். மூடியையும் தடம் போகும்வரை தேய்த்துவிடுங்கள்.

இன்னொரு பதில்:
தேய்க்கும் முன் இதையும் அளந்துவிடுங்கள். வெளி ரோட்டருக்கும் உடலின் சுவருக்கும் நடுவே 0.010 அங்குலத்தையோ, ரோட்டர் முனைகளுக்கு நடுவே 0.006-ஐயோ தாண்டியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிய பம்ப்தான். சம்ப் இறங்கியிருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளையும், கனெக்டிங் ராடு அதோடு சேரும் பிக் எண்ட் பேரிங்குகளையும் பார்த்துவிடுங்கள். மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் பாதிக் கசிவு அங்கேதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மேல் இடைவெளி 0.009 இருந்தது, 0.004-க்குக் கொண்டுவந்துவிட்டேன். மற்றவை வரம்புக்குள். பிக் எண்ட் பேரிங் ஒன்றில் செம்பு தெரிந்ததால் செட்டாகவே மாற்றிவிட்டேன். பம்ப்பில் ஆயிலை நிரப்பிப் பூட்டினேன். சூட்டில் ஐட்லிங்கில் இப்போது 18 நிற்கிறது.

பதில்:
18 தாராளம். எமரித் துகள் தங்கியிருக்கலாம். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.