புதுப்பிப்பு: கவுனியின் கருப்பும் உயரமும் ஒரே ஜீனா?

போன பதிவில், காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டு இனிப்புக்குத் தேடும் கவுனி அரிசியின் கருப்பு நிறமும், காற்றுக்குச் சாயும் நெட்டைப் பயிரும் ஒன்றோடொன்று பிணைந்தவையா என்று கேட்டிருந்தேன். பிணைப்பு இல்லை.

கருப்பு நெல்லின் நிறத்துக்கு முக்கியக் காரணம் 4-ஆம் குரோமோசோமில் உள்ள காலா4 ஜீன். அதை இயக்கும் முன்பகுதி இடம் மாறி அமைந்ததால், தவிட்டுத் தோலில் ஆந்தோசயனின் என்ற நிறமி சேர்கிறது. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். காலா1, காலா3 என்ற வேறு இரண்டு ஜீன்களும் துணை நிற்க வேண்டும்.

உயரத்துக்கு முக்கியக் காரணம் 1-ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்டி1 ஜீன். 1966-இல் வந்த ஐஆர்8 நெல் ரகம் குட்டையாக நின்றது இதில் ஒரு துண்டு விடுபட்டதால்தான். ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைந்து தண்டு நீளவில்லை.

ஜீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: கருப்பு நெல்லையும் வெள்ளை நெல்லையும் இனக்கலப்பு செய்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் ஒவ்வொரு செடியின் நிறத்தையும் டிஎன்ஏ குறியீடுகளையும் பொருத்திப் பார்ப்பது. கருப்புச் செடிகளிலெல்லாம் தவறாமல் வரும் குறியீட்டின் அருகில்தான் ஜீன் இருக்கும்.

ஆக, குட்டைக் கவுனி சாத்தியமே. ருசி வேறு கணக்கு, அதற்குப் பல ஜீன்கள்.

கவுனியை ஊறவைத்த தண்ணீரை என்ன செய்வது என்று கேட்ட ஆச்சிக்கு: நிறமி நீரில் கரையும், அதிலேயே வேகவையுங்கள்.